லால் குடியில் ஒரு லால் கார்!

“ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன்” என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி பதறவில்லை. கறிவேப்பிலையை உருவிக்கொண்டே, “அதுல அரிசி மூட்டை வைக்க இடம் இருக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

இருபது வருஷம் சீட்டுக் கட்டிக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றும். எனக்கு வேறு மாதிரி. ஆறாம் கிளாஸ் படிக்கும்போது சலூன் காலண்டரில் ஒரு சிவப்புக் கார் பார்த்தேன். இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ‘வா, போகலாம்’ என்று கூப்பிடுகிற முகம். அன்றைக்கு முடி வெட்டுகிறவர் என் தலையில் என்ன செய்தார் என்றே தெரியாது. அந்த வியாதி முப்பது வருஷமாக இருக்கிறது. திருச்சியில் ஆபீஸ், ஸ்கூட்டர், மாதக் கடைசி என்று ஆன பிறகும் தீரவில்லை.

சம்பளக்காரன் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்படலாமா? படலாம். வாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுக் காரை விடுங்கள், அதன் ஒரு டயர் விலையில் எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து நடத்தி விடலாம். உள்நாட்டில் ‘ஸான் ஸ்டார்ம்’ என்று ஒன்று உண்டு. 1998-ல் கோவாவிலிருந்து வந்தது. ஃபைபர் உடம்பு, மேலே கூரை இல்லாத இரண்டு ஸீட், 1149 சிசி ரெனோ எஞ்சின். பார்க்க மான்குட்டி மாதிரி இருக்கும். ஆனால் ஓடுகிற வண்டி அபூர்வம். முன் கண்ணாடி உடைந்தால் யாரிடம் போய் நிற்பது?

இந்தக் கவலையை ஒரு நாள் டிபன் நேரத்தில் வெளியே விட்டேன். எங்கள் ஹெட்கிளார்க் தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கினார். அவருக்குச் சொந்த ஊர் லால்குடி. தினம் ரயிலில் வந்து போகிற ஸீஸன் டிக்கெட் ஆசாமி.

“எங்க பக்கத்துத் தெருவில ஒரு ஹெரால்டு நிக்குது சார். ரெண்டு கதவு. சிவப்பு. பெரியவர் வீட்டைக் காலி பண்றார். பழைய இரும்புக்காரன் வந்து பார்த்துட்டுப் போயிட்டான்.”

என் கையிலிருந்த எலுமிச்சை ஊறுகாய் ஃபைலில் விழுந்தது.

* * *

‘ஹெரால்டு எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்?’ என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

இத்தாலியில் டூரின் நகரத்துக்காரர் ஜியோவானி மிகெலாட்டி. அவர் வரைந்து கொடுத்த டிஸைன் இது. 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் ‘டிரையம்ஃப் ஹெரால்டு’ என்று வெளிவந்தது. 1961-லிருந்து நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி இதையே ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்று தயாரித்தது. கல்கத்தா பக்கம் அம்பாஸடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்டு. அந்தக் காலத்தில் நாட்டுக்கே மூன்று கார்தான்.

அப்புறம் 1962-ல் இங்கிலாந்துக்காரன் ஒரு வேலை செய்தான். இதே ஹெரால்டு சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கினான். அதே மிகெலாட்டியை விட்டு இரண்டு ஸீட் உடம்பு ஒன்று வரையச் சொன்னான். அதுதான் ‘டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்’. வாத்தியாரும் குமாஸ்தாவும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் எடுத்து, 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆகவே ஹெரால்டு என்பது ஸ்பிட்ஃபயருக்குக் கூடப் பிறந்த அண்ணன். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில் இந்த அண்ணனும் ஓடியிருக்கிறார்.

குதிரை சக்தி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். 948 சிசி எஞ்சின், சுமார் 35. இன்றைக்குக் காலேஜ் பையன் ஓட்டுகிற பைக்கிலேயே 40-க்கு மேல் இருக்கிறது. அதனால் என்ன? காலண்டரில் குதிரை சக்தி போட்டிருக்கவில்லையே!

“சீட்டுப் பணம் ரெண்டு லட்சம் வருது” என்று மெல்ல ஆரம்பித்தேன்.

“அது அடுப்பங்கரை மேல்தளம் ஒழுகறதுக்கு” என்றாள் மனைவி. பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, “இது ஆடி மாசம். போய்ப் பார்க்கலாம். வாங்கக் கூடாது” என்று தீர்ப்பு சொன்னாள்.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ். கூட என் பாலக்கரை மெக்கானிக் பாய். அறுபது வயது. நாற்பத்தைந்து வருஷம் பழைய வண்டிகளின் வயிற்றுக்குள்ளேயே வாழ்ந்தவர். ஃபீஸாக ஒரு நாள் கூலியும் மத்தியானச் சாப்பாடும் பேசியிருந்தேன். துணிப்பையில் ஒரு திருப்புளி, ஒரு டார்ச், பனியன் துணியில் சுற்றிய ஒரு காந்தம். “இதான் சார் என் ஸ்கேன் மெஷின்” என்றார்.

காவிரியில் ஆடித் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போயிற்று. திருவானைக்கோவில் தாண்டியதும் கொள்ளிடம். 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் வயிற்றில் ஒரு பிசைவு வரும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. நல்லவேளை, அதற்கு முன்பே பக்கத்தில் புதுப் பாலம் வந்து போக்குவரத்து மாறியிருந்தது. தொண்ணூறு வருஷம் பஸ்ஸையும் லாரியையும் சுமந்த பாலம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் சாய்ந்தது. அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்குப் புரியும்.

நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் வலது பக்கம் திரும்பியதும் ஊர் மாறிவிடுகிறது. வாளாடி, மாந்துறை... இரண்டு பக்கமும் வாழையும் வயலும். வாய்க்கால் ரோட்டோடு ஓடி வந்து ஓடி வந்து, திடீரென்று கோபித்துக்கொண்டு தோப்புக்குள் போய்விடும். திருச்சியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். ஒரு தூக்கம் போட ஆரம்பிப்பதற்குள் “லால்குடி இறங்கு!” என்கிறார் கண்டக்டர்.

பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். மாலிக்காபூர் படையோடு வந்தபோது தூரத்தில் சிவப்பாகக் கோபுரம் தெரிந்ததாம். ‘லால்’ என்றால் சிவப்பு, ஆகவே லால்குடி. கோயிலின் பழைய பெயர் திருத்தவத்துறை. ஏழு ரிஷிகள் தவம் செய்த இடம் என்பதால் சுவாமி சப்தரிஷீஸ்வரர். பக்கத்துத் திருமங்கலம், குழலாலேயே சிவனைக் கூப்பிட்ட ஆனாய நாயனாரின் ஊர். வயலினுக்கு லால்குடி ஜெயராமன். 1930-ல் பிறந்து 2013-ல் மறைந்தவர். ஊர்ப் பெயரைச் சொன்னாலே சங்கீதக்காரர்கள் வில்லைத்தான் நினைப்பார்கள், கோபுரத்தை அல்ல.

பாய் இதெல்லாம் கேட்டுவிட்டு, “தண்ணி கரையோரம் இருக்கிற ஊரு சார். துரு இருக்கும்” என்றார். அவரவர் கவலை அவரவருக்கு.

* * *

பெரியவருக்கு எழுபத்தொன்பது வயது. டால்மியாபுரம் சிமென்ட் ஃபாக்டரியில் எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் பெங்களூர், மகள் சிங்கப்பூர். வீட்டை விற்றாகிவிட்டது. ஆவணிக் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். திண்ணையில் அட்டைப்பெட்டிகள், கயிறு, ஒரு தையல் மெஷின்.

“இரும்புக்காரர் கிலோ முப்பது ரூபாய்னு கேட்டார் தம்பி. எண்ணூறு கிலோ. இருபத்து நாலாயிரம்” என்றார் காபியை ஆற்றிக்கொண்டே. “கார்னு சொல்லவே இல்லை. ‘உருப்படி’ன்னு சொன்னார். அதான் அனுப்பிட்டேன்.”

மாட்டுக்கொட்டகைக்கு அழைத்துப் போனார். தார்ப்பாயை இழுத்தார்.

ஒரு காலத்தில் சிவப்பு. இப்போது செங்கல்லுக்கும் காவி வேட்டிக்கும் நடுவே ஒரு நிறம். நெற்றியில் இரண்டு பெரிய கண்களும், பின்னால் சின்ன வால் மாதிரி தூக்கிய முனைகளும். ‘எம்.எஸ்.’ என்று ஆரம்பிக்கும் பழைய நம்பர். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது 1969 ஜனவரி 14-ல். வண்டி 1967 மாடல், மெட்ராஸ் ராஜ்யத்துப் பிரஜை.

நான் காலண்டருக்குள் போய்விட்டேன். பாய் காருக்கு அடியில் போய்விட்டார்.

பழைய ஹெரால்டு வாங்க நினைக்கும் அன்பர்களுக்காக, அவர் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காந்தம். உடம்பு பூரா தடவிக்கொண்டே வந்தார். தகடு இருக்கும் இடத்தில் கப்பென்று பிடிக்கிறது. பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கிக்கொண்டு விழுகிறது. நாலு இடத்தில் விழுந்தது. பெரியவர், “மூணு எனக்குத் தெரியும். நாலாவது புதுசு” என்றார்.

இரண்டாவது சேஸிஸ். ஹெரால்டில் கீழே ஒரு சட்டம், அதன்மேல் உடம்பை நட்டு போல்ட்டால் முடுக்கியிருப்பார்கள். உடம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் துருப்பிடித்திருந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். பாய் திருப்புளியின் பிடியால் தட்டினார். ‘டிங்’ என்றால் இரும்பு. ‘தொப்’ என்றால் துரு. பத்து டிங், ஒரே ஒரு தொப்.

மூன்றாவது பானெட். இந்த வண்டியின் விசேஷமே அதுதான். மூக்கு, இரண்டு பக்க மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் பார்த்துத் திறக்கும். முதலை வாயைத் திறந்த மாதிரி. எஞ்சின் மூன்று பக்கமும் வெட்டவெளியாக நிற்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். இத்தனை வசதியை அணில்களும் கவனித்திருந்தன. பாட்டரி இருக்க வேண்டிய இடத்தில் தென்னை நார் மெத்தை.

பக்கத்து வீட்டு டிராக்டரிலிருந்து பாட்டரி கடன் வாங்கினோம். நாலாவது தடவை எஞ்சின் இருமியது. ஐந்தாவது தடவை பேசியது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ரெண்டாவது ஸிலிண்டர் கொஞ்சம் சுருதி இறங்குது. பிளக்தான்” என்றார். பாய் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பிளக்தான். லால்குடிக்காரரிடம் காது பற்றிப் பேசக்கூடாது.

நான் ஸீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ‘சும்மா கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு...’ என்று வாய் திறக்கிறேன்.

“இறங்குங்க சார்!” காருக்கு அடியிலிருந்து பாயின் குரல். அவர் என்னிடம் அப்படி அதட்டிப் பேசியதே இல்லை.

* * *

முன் சக்கரம் ஒவ்வொன்றையும் அடியில் ஒரு வெண்கலக் கட்டை தாங்குகிறது. ‘ட்ரனியன்’ என்று பெயர். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டின் கீழ்முனை மரை போட்டு அந்தக் கட்டைக்குள் திருகி நிற்கும். நீங்கள் ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் திரும்பும். அதற்கு விட வேண்டியது கியர் எண்ணெய். ஆனால் கட்டையில் இருப்பது கிரீஸ் நிப்பிள் மாதிரியே ஒரு நிப்பிள். அவசரக்காரன் பார்த்தால் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவான். கிரீஸ் மரைக்குள் முழுசாக இறங்காது. காய்ந்து கட்டியாகும். தண்ணீர் புகும். தண்டு உள்ளுக்குள் அரித்து இளைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள், நீங்கள் வளைவில் திரும்பும்போது, ‘டக்’. முன் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் படுத்துக்கொள்ளும்.

பாய் விரலை நீட்டினார். விரல் நுனியில் கறுப்பாகக் காய்ந்த கிரீஸ். “ஆடுது சார். தெருமுனை தாண்டாது.”

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே போய் ஒரு டயரிக் கட்டைக் கொண்டு வந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ‘ட்ரனியன் எண்ணெய் - இடது, வலது’ என்று மணிமணியான கையெழுத்து. நாற்பது வருஷத்துக்கு மேல். கடைசியாக எழுதியது 2020.

“அதுக்கப்புறம் முழங்கால் ஆபரேஷன். கீழே குனிய முடியல. ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வண்டியைக் காட்டணும்னு ஒரு ஒர்க்‌ஷாப்பில விட்டேன். அந்தப் பையன் நல்லெண்ணத்தோட எல்லா நிப்பிள்லயும் கிரீஸ் அடிச்சிருக்கான். எண்ணெய்னு சொல்லாம விட்டது நான்தான்.” என்னைப் பார்த்தார். “ஒரு லட்சம்னு சொல்லலாம்னு இருந்தேன். இது தெரிஞ்சப்புறம் சொல்ல முடியாது. எண்பதாயிரம் கொடுங்க. ஓட்டிட்டுப் போகாதீங்க. லாரியில ஏத்திட்டுப் போங்க.”

வாங்குகிறவன் பேரம் பேசுவதற்கு முன்பே விற்கிறவர் விலையைக் குறைத்து நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஸ்பேர் கிடைக்குமா? அங்கேதான் தம்பி ஸ்பிட்ஃபயர் வந்து கைகொடுக்கிறார். அண்ணனுக்கும் தம்பிக்கும் முன் சக்கரத்துச் சாமான்கள் பெரும்பாலும் ஒன்றே. லோட்டஸ் கம்பெனிகூடத் தன் ‘எலான்’ ஸ்போர்ட்ஸ் காருக்கு டிரையம்ஃபின் முன் தண்டைத்தான் வாங்கிப் போட்டது. ஸ்பிட்ஃபயர் பைத்தியங்கள் உலகம் பூரா இருப்பதால் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பாய் மனக்கணக்குப் போட்டார். ட்ரனியன், பிரேக், டயர், ஒரு ‘தொப்’புக்கு வெல்டிங் எல்லாம் சேர்த்து எழுபதாயிரம்.

எண்பதும் எழுபதும் ஒன்றரை லட்சம். மீதி ஐம்பதாயிரம். அடுப்பங்கரை மேல்தளம்! எனக்கு ஆடி மாசம் என்பது மறந்துபோயிற்று.

“ஆர்.சி. புக் பார்க்கலாமா சார்?”

* * *

மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். ஓரம் நைந்த புத்தகம். திறந்தேன். சொந்தக்காரர் பெயர் இருந்த இடத்தில் ஒரு பெண்மணியின் பெயர்.

“என் சம்சாரம்” என்றார். “1974-ல எட்டாயிரத்துக்கு ஸெகண்ட்ஹாண்டா வாங்கினோம். அட்வான்ஸுக்கு அவ வளையலை அடகு வெச்சோம். அப்போ யார் பேர்ல எழுதணும் சொல்லுங்க? இங்கேதான் ஸ்கூல்ல டீச்சர். ஒரு நாளும் ஓட்டினதில்லை. ஆனா ஊர்ல ‘டீச்சரம்மா கார்’னுதான் பேர். நான் டிரைவர் மாதிரி.”

ரிஜிஸ்ட்ரேஷன் கடைசியாகப் புதுப்பித்தது 2022 தை மாதம். டீச்சரம்மா போனது அதே வருஷம் ஆடியில்.

“முப்பது நாளைக்குள்ள தெரிவிக்கணும், மூணு மாசத்துக்குள்ள பேர் மாத்தணும்னு எனக்குத் தெரியும் தம்பி. தெரியாம இல்லை. ரேஷன் கார்டுல பேரை எடுத்தாச்சு. பாங்க் புஸ்தகத்துல எடுத்தாச்சு. வோட்டர் லிஸ்ட்ல எடுத்தாச்சு. ஒவ்வொரு ஆபீஸா போய் ‘அவ இல்லை, அவ இல்லை’ன்னு எழுதிக் கொடுத்துட்டு வரேன். இது ஒண்ணுலயாவது இருந்துட்டுப் போகட்டும்னு...”

முடிக்கவில்லை. பாய் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

தெருமுனை டீக்கடைக்கு வந்தோம். அங்கே ஒரு புரோக்கர் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றீங்க? ஃபாரம் இருபத்தொம்பது, முப்பது ரெண்டும் பழைய தேதி போட்டு ரெடி பண்ணிடலாம். அந்த அம்மா கையெழுத்தை நாமே போட்டுக்கலாம். யார் வந்து கேக்கப் போறா?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டீ குடிக்கிற நேரம் நான் சும்மா இருந்தேன். ஆவணிக் கடைசிக்கு இன்னும் ஐந்து வாரம்தான். அதற்குள் வாரிசுச் சான்றிதழ், மகன், மகள், ஆர்.டி.ஓ. ஆபீஸ்... நடக்காது. நடக்காவிட்டால் கிலோ முப்பது ரூபாய். ஒரு கையெழுத்து. யாருக்கும் நஷ்டமில்லை. டம்ளரின் அடியைப் பார்க்கும் வரை இப்படித்தான் ஓடியது புத்தி.

டம்ளரை வைத்தேன். “வேண்டாங்க” என்றேன். நாற்பது வருஷம் ட்ரனியனுக்கு எண்ணெய் விட்டதை டயரியில் எழுதின மனுஷர். அவர் வீட்டில் அந்த அம்மா கையெழுத்தை இன்னொருத்தன் போடுவதாவது! தவிர, செத்தவர் கையெழுத்தில் வாங்கிய வண்டி நாளைக்கு ஒரு விபத்தில் மாட்டினால் இன்ஷூரன்ஸ் என்ன ஆகும், போலீஸ் என்ன கேட்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஸெகண்ட்ஹாண்ட் காரில் துருவைவிடக் காகிதத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

* * *

அடுத்த ஞாயிறு என் மனைவியும் வந்தாள். காரைச் சுற்றி வந்தாள். பின் ஸீட்டை அளந்தாள். பிறகு பெரியவரோடு திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் டீச்சரம்மாவைப் பற்றி மட்டும் பேசினாள். எழுந்திருக்கும்போது திட்டம் தயாராக இருந்தது. எங்கள் வீட்டில் பட்ஜெட்டும் அப்படித்தான் தயாராகும்.

பெரியவர் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுப்பது. மகனும் மகளும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. அதை வைத்து ஃபாரம் 31-ல், தாமதத்துக்கு அபராதமும் கட்டி, முதலில் பெரியவர் பெயருக்கு மாற்றுவது. அப்புறம்தான் விற்பனை. அதுவரை ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டின ரசீதுக்கு இருபதாயிரம் அட்வான்ஸ். வண்டி ஆவணி முடிவதற்குள் லாரி ஏறி பாய் ஷெட்டுக்குப் போய்விடும். மேல்தளம் ஐப்பசி மழைக்கு முன்னால். கார் அதற்கு அப்புறம்.

‘ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாமே’ என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். 2021-ல் அப்படி ஒரு விதி வந்தது உண்மைதான். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம் என்றுதான் எடுக்கலாமே தவிர தினசரி ஓட்ட முடியாது. நான் வாங்குவது ஊர்வலத்துக்கு அல்ல. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லுக்கும் போக வேண்டும்.

தாலுகா ஆபீஸ் நடையில் ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் சான்றிதழ் வந்தது. ஆர்.சி. புக்கைக் கொடுப்பதற்கு முன்னால், டீச்சரம்மா பெயர் இருந்த பக்கத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, லாமினேட் பண்ணிப் பெங்களூருக்கு அனுப்பினேன். இருபது ரூபாய் செலவு. பெரியவர் போனில் ஒன்றும் சொல்லவில்லை. “கிடைச்சுது” என்றார். வைத்துவிட்டார்.

* * *

மாட்டுப்பொங்கல் அன்று பெரியவரை லால்குடிக்கு வரவழைத்தோம். பாய் புது ட்ரனியனுக்கு என் கண் முன்னாலேயே எண்ணெய் விட்டார். நானும் ஒரு டயரி போட்டுவிட்டேன்.

கோயில் வாசலில் சிவப்பு ஹெரால்டு. பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. கழுவின மட்டில் நிற்கிறது. பெரியவர் ஸ்டியரிங் பிடித்தார். பக்கத்தில் நான்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க தம்பி. இதோட பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடும். வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சிடணும். வளைவுக்குள்ள போனப்புறம் பயந்துபோய் சடார்னு பிரேக் மிதிச்சீங்க, ஆக்ஸிலேட்டரை விட்டீங்க, பின் சக்கரம் உள்ள மடிஞ்சு வண்டி சுத்திடும். நுழைஞ்சாச்சா? நிதானமா அழுத்திக்கிட்டே வெளியே வந்துடணும்.”

கல்யாணத்துக்கு முன் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

நாற்பது கிலோமீட்டர் வேகம்தான். ஆனால் அந்தத் தாழ்ந்த ஸீட்டில், ரோடு காலுக்கடியில் ஓட, சாணமும் கரும்பும் மணக்க, நாற்பது என்பது நூற்று நாற்பது. வீதிக் கோடியில் எதிரே ஒரு மாட்டுவண்டி, கொம்பில் பலூன் கட்டி. வேறு கார் என்றால் ரிவர்ஸ்தான். பெரியவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஹெரால்டு இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் அப்படியே திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்கு உள்ள சாமர்த்தியம். பம்பரம் மாதிரி சுற்றி வந்த பாதைக்கே நின்றது.

ஒரு வீட்டு வாசலில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தாள். கையை நெற்றியில் வைத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

“அடியே, டீச்சரம்மா காரு வந்திருக்குடீ!” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

பெரியவர் திரும்பவில்லை. ஹாரனை மட்டும் ஒரு தடவை அழுத்தினார்.

தை மாதக் கடைசியில் ஃபாரம் முப்பதைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தேன். ‘வாங்குபவர் பெயர்’ என்ற இடத்தில் பேனாவை வைத்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

“சீட்டு கட்டினது யாரு?”

பேனாவை எடுத்தேன். பெயரை எழுதினேன். டிரைவர் வேலைதான் எனக்கும். போன வாரம் மண்ணச்சநல்லூரிலிருந்து பின் ஸீட்டில் ஒரு மூட்டை பொன்னி வந்தது. கச்சிதமாக உட்கார்ந்தது.